பழைய கை டிரில்லுக்கு மறுபடி வேலை கொடுப்போம்

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வீட்டோடு சின்னதாக ஒரு பட்டறை வைத்திருப்பவர்கள் நம் குமரி மாவட்டத்தில் நிறையப் பேர். கார் ஷெட்டின் பின்பக்கமாக இருக்கும், மாடு விற்றபின் காலியாய்க் கிடக்கும் தொழுவமாக இருக்கும். ஒரு பலகை மேசை, ஒரு வைஸ், சுவரில் நாலைந்து உளி, அரம். அந்த மேசையில் கட்டாயம் இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிற ஒரு கருவியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அது கையால் சுற்றுகிற டிரில். ஒரு கையால் மேல்பிடியை அழுத்திக்கொண்டு, மறு கையால் பக்கத்துச் சக்கரத்தைச் சுற்றினால் முனையில் துளை போடும் பிட் சுழலுமே, அதுதான்.

புதிதாக வாங்க அலைய வேண்டாம். கோட்டாறிலோ தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடைகளில் விசாரித்துப் பாருங்கள். பழைய எஸ்டேட் வொர்க்‌ஷாப் சாமான்களோடும், ஆசாரிமார் வீட்டுப் பெட்டிகளோடும் இவை வந்து சேரும். பெரும்பாலும் எடைக்குத்தான் விலை. மேலே படிந்திருக்கும் அழுக்கைத் துணியால் துடைத்தால் செய்த ஊர் தெரியும். இங்கிலாந்து என்று இருக்கும், அமெரிக்கா என்று இருக்கும். மேற்கு ஜெர்மனி என்று பொறித்திருந்தால் 1949க்கும் 1990க்கும் நடுவில் செய்தது என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் 1868இல் தொடங்கிய மில்லர்ஸ் ஃபால்ஸ் கம்பெனியின் கை டிரில்கள் உலகம் முழுக்கப் பேர் வாங்கியவை. அந்தப் பேர் கண்ணில் பட்டால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் டிரில் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பீர்கள். கரண்ட் டிரில்லும் நேற்று வந்ததில்லை. ஜெர்மனியின் ஃபைன் கம்பெனி 1895லேயே அதைச் செய்துவிட்டது. பிளாக் அண்ட் டெக்கர் துப்பாக்கிப் பிடி வைத்த டிரில்லுக்கு 1917இல் காப்புரிமை வாங்கியது. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் தச்சர்கள் கை டிரில்லைக் கீழே வைக்கவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. சிரட்டையில் அகப்பை செய்கிற ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். காம்பு நுழைக்கச் சிரட்டையில் துளை போட வேண்டும். வளைந்த பரப்பு, வழுவழுப்பு, மெல்லிய ஓடு. மோட்டார் டிரில்லை வைத்தால் முனை வழுக்கி ஓடும், பிட் மறுபக்கம் வரும் நேரத்தில் ஓடு சட்டென்று பிளந்துவிடும். கை டிரில்லில் கடைசி இரண்டு சுற்றை மெதுவாக, எண்ணிச் சுற்றலாம். பிட் மறுபக்கம் எட்டிப் பார்க்கும் அந்த நொடி விரலுக்குத் தெரியும். ஈட்டி மரத்தில் சின்னக் கீல் பொருத்தும்போதும் அப்படித்தான். ஆடி மழையில் கரண்ட் போனாலும் வேலை நிற்காது.

சரி, கடையில் எதைப் பார்த்து எடுப்பது? முதலில் பெரிய சக்கரத்தின் பல். ஒன்றிரண்டு தேய்ந்திருந்தால் பரவாயில்லை, உடைந்திருந்தால் விட்டுவிடுங்கள். அது வார்ப்பிரும்பு, ஒட்டுப் போட்டுப் பல்லை மறுபடி உருவாக்குவது லேசில் முடியாது. அடுத்து சட்டத்தில், தண்டு நுழையும் இடத்தைச் சுற்றி விரிசல் இருக்கிறதா பாருங்கள். பிறகு முனையில் பிட்டைப் பிடித்துக்கொள்ளும் சக்கு இருக்கிறதே, அதைத் திறந்து உள்ளே மூன்று தாடையும் இருக்கிறதா என்று பாருங்கள். இவை மூன்றும் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் சரி பண்ணக்கூடியது. சுற்றவே வராமல் இறுகிப் போயிருந்தால்கூடப் பயப்பட வேண்டாம். பாதி நேரம் அது துரு இல்லை, பல வருஷத்து எண்ணெய் தூசியோடு சேர்ந்து பிசினாக இறுகியது. நம் ஊரில் எதற்கெடுத்தாலும் தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கம் இருக்கிறதே, அந்த எண்ணெய்க்கு இதில் பெரிய பங்கு உண்டு.

வீட்டுக்கு வந்ததும் உடனே ஸ்பானரை எடுக்காதீர்கள். டீசலில் ஒரு ராத்திரி ஊற வையுங்கள், தீ பக்கத்தில் இருக்கக் கூடாது. மரப்பிடியைக் கழற்ற முடிந்தால் முன்பே கழற்றிவிடுங்கள், மரம் டீசலைக் குடிக்கக் கூடாது. ஊறிய பிறகு ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்பது மறுநாள் மறந்துபோகும்.

கழற்றும்போது மூன்று இடத்தில் நிதானம் வேண்டும். பெரிய சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் சின்னக் கியரைத் தண்டோடு பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் ஒரு குறுக்கு ஊசி. அது ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்திருக்கலாம். இரண்டு முனையையும் துடைத்து, அளந்து பாருங்கள். மெலிந்த முனையில் பஞ்ச் என்கிற இரும்புக் கம்பியை வைத்துத்தான் தட்ட வேண்டும். மாற்றித் தட்டினால் ஊசி இன்னும் இறுகும், பிறகு துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும். இரண்டாவது, சக்கைத் தண்டிலிருந்து பிரிப்பது. கியர் பல்லுக்குள் திருப்புளியைக் கொடுத்து நெம்பாதீர்கள், மரத்துண்டால் முட்டுக் கொடுங்கள். மூன்றாவது, பேரிங். பல டிரில்களில் சக்கின் அழுத்தத்தைத் தாங்க, தண்டைச் சுற்றி உதிரியாகச் சின்ன இரும்புக் குண்டுகள், அதாவது பால்ஸ் இருக்கும். தண்டை உருவிய உடனே கடுகு சிதறுகிற மாதிரி சிதறிவிடும். அகலமான தாம்பாளத்தின் மேல் வைத்துக் கழற்றுங்கள். ஒன்று இரண்டு காணாமல் போனாலும் கவலை இல்லை. எட்டிலொரு அங்குல பால்ஸ் என்றால் சைக்கிள் ஃப்ரீவீலுக்குள் போடுவதும் அதே அளவுதான், பழைய சைக்கிள் கடையில் கேட்டால் கிடைக்கும். போடும்போது எல்லாவற்றையும் புதிதாகவே போடுங்கள். பழையதும் புதியதும் கலந்தால் பாரம் ஒரே சீராக இறங்காது.

இனி துரு. இங்கே நம் மாவட்டத்தின் சங்கதி கொஞ்சம் வேறு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் நமக்கு உண்டு. இரும்பு உலர்ந்து கிடக்க நேரம் குறைவு. குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடற்கரையை ஒட்டிய வீடுகளில் காற்றிலேயே உப்பு இருக்கும். அந்த உப்பு இரும்பின் மேல் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் கடலோரத்திலிருந்து வந்த டிரில் என்றால், எந்த மருந்தும் போடுவதற்கு முன்னால் வெந்நீரில் நன்றாகக் கழுவி, உடனே வெயிலில் காய வையுங்கள். உப்பு போகாமல் துருவை மட்டும் எடுத்தால் அடுத்த மழைக்கே திரும்பி வந்துவிடும்.

துரு எடுக்கக் கடைச் சரக்கு எதுவும் தேவையில்லை. நம் வீட்டுக் கிணற்றடியில் நிற்கும் புளிச்சிக்காய் மரம், அதாவது பிலிம்பி, போதும். அதன் சாற்றில் ஆக்சாலிக் அமிலம் நிறைய. வெட்டுக்கத்தியைத் தேய்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கறை எப்படி விடுகிறது என்று. காயை இடித்துச் சாறோடு பாகத்தின் மேல் அப்பி வைத்து, அவ்வப்போது பித்தளைப் பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். துரு அதிகம் என்றால் வினிகரில் ஒரு ராத்திரி போடலாம். எதில் போட்டாலும் எடுத்ததும் சோடா உப்புக் கரைத்த தண்ணீரில் அலசி, துடைத்து, உடனே எண்ணெய் பூசுங்கள். அமிலத்திலிருந்து வந்த இரும்பு பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி செம்மை தட்டும்.

ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பால் உறைய வைக்கிற ஃபார்மிக் ஆசிட் வீட்டில் இருக்கும். துருவை அது எடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதைக் கருவிக்குப் பயன்படுத்தாதீர்கள். துருவோடு நல்ல இரும்பையும் அரிக்கும், கியர் பல்லின் விளிம்பு போய்விடும். தோலில் பட்டால் வெந்துபோகும், ஆவி கண்ணுக்கும் நுரையீரலுக்கும் ஆகாது.

கரண்ட் வைத்தும் துரு எடுக்கலாம். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், 4 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். டிரில் பாகத்தை மைனஸ் கம்பியில் கட்ட வேண்டும், பிளஸ்ஸில் வேண்டாத இரும்புத் துண்டு. மாற்றிக் கட்டினால் கரைவது டிரில்தான். பிளஸ் பக்கம் எவர்சில்வரைப் போடவே கூடாது, குரோமிய விஷம் தண்ணீரில் இறங்கும். கிளம்புவது ஹைட்ரஜன் வாயு என்பதால் திறந்தவெளியில், பீடி சிகரெட் நெருப்பு எதுவும் இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

இத்தனையும் முடிந்த பிறகு எல்லோருக்கும் ஒரு ஆசை வரும். பஃபிங் சக்கரத்தில் கொடுத்து வெள்ளி மாதிரி மினுக்க வேண்டும், சிவப்புப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று. தயவு செய்து அங்கே நிறுத்துங்கள். சக்கின் மேல் இருப்பது மெல்லிய நிக்கல் பூச்சு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அதுவும் போய், அடியில் இருக்கும் பச்சை இரும்பு நம் ஊர்க் காற்றுக்கு நேராக நிற்கும். சக்கரத்தின் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, உலர வைத்துச் சுரண்டினால் அந்தத் தூசி மூச்சில் போகும். ஒட்டியிருக்கிற பெயின்ட்டை ஒட்டியபடியே விடுங்கள். பல கைகள் பிடித்துத் தேய்ந்த பிடியும், மங்கிய சிவப்பும் அந்தக் கருவி உழைத்ததன் அடையாளம். நாம் மீட்க வேண்டியது அதன் சுழற்சியை. பளபளப்பு அதற்கு ஒரு சுற்றுகூட உதவாது.

மரப்பிடி வெடித்திருந்தால் பலாவிலோ தேக்கிலோ கடைசல்காரரிடம் கடைந்து வாங்கலாம். நல்ல பிடி என்றால் ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாகப் பூசினால் போதும். அந்தத் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காய வைத்துப் பிறகு எறியுங்கள். வள்ளத்துக்குப் பூசும் அண்டி எண்ணெய், அதாவது முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய், நல்ல எண்ணெய்தான், ஆனால் கைப்பிடிக்கு அது கூடாது, உள்ளங்கை பொத்துப் போகும்.

திருகு தொலைந்திருந்தால் இன்றைய மில்லிமீட்டர் திருகைப் போட்டு முறுக்காதீர்கள். பழைய இங்கிலாந்துக் கருவிகளில் விட்வொர்த் என்கிற அங்குல அளவு மரை வரும். அதன் மரைக்கோணம் 55 டிகிரி, மில்லிமீட்டர் மரைக்கு 60. இரண்டு சுற்று போகும், மூன்றாவது சுற்றில் மரையை நாசம் பண்ணும். லேத் பட்டறையில் கொடுத்தால் பழைய திருகைப் பார்த்து அதே மாதிரி வெட்டிக் கொடுப்பார்கள்.

தாடை ஸ்பிரிங் போயிருந்தால் கிட்டார் கம்பித் துண்டை வளைத்துப் பல சக்குகளில் ஒப்பேற்றிவிடலாம். தாடைகளை எடுத்த வரிசையிலேயே திரும்ப வையுங்கள். மாட்டும்போது பால்ஸ் நிற்கக் கொஞ்சம் கிரீஸ் போதும், கியர் பல்லில் கிரீஸ் வேண்டாம், மரத்தூள் ஒட்டிக்கொள்ளும். அங்கே தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. சட்டத்தில் ஊசித் துளை மாதிரி ஒன்று அழுக்கில் மூடிக் கிடக்கும், பலர் கவனிப்பதே இல்லை. அது எண்ணெய் விடும் துளை. குண்டூசியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

கடைசியாக, நேராக இருக்கிற புது பிட் ஒன்றை மாட்டிச் சுற்றிப் பாருங்கள். முனை ஒரே புள்ளியில் நின்றால் சரி. வட்டம் போட்டால் தாடைகளுக்குள் இன்னும் தூசி இருக்கிறது என்று அர்த்தம், அல்லது தாடை வரிசை மாறியிருக்கும். பெரிய சக்கரம் பக்கவாட்டில் ஆடினால் மெல்லிய பித்தளைத் தகட்டில் வாஷர் வெட்டி அடியில் கொடுங்கள்.

பெரிய சக்கரத்தில் 60 பல், சின்னதில் 15 என்றால் நீங்கள் ஒரு சுற்று சுற்ற பிட் நாலு சுற்றும். நிமிஷத்துக்கு 70 சுற்று சுற்றினால் பிட்டுக்கு 280. இரும்பில் 6 மில்லிமீட்டர் துளைக்கு மோட்டாரில் ஆயிரத்துக்கு மேல் ஓட்டுவார்கள். நமக்கு வேகம் குறைவு, அதனால் பிட் சூடாகாது, கூர் போகாது. ஆனால் நல்ல கூர் வேண்டும், மழுங்கிய பிட்டைக் கை மன்னிக்காது. இரும்பென்றால் முதலில் சென்டர் பஞ்ச் அடித்துவிட்டு, 3 மில்லிமீட்டரில் தொடங்கி அப்புறம் பெரிதாக்குங்கள்.

வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, அப்புறம் மரப்பெட்டிக்குள். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்காதீர்கள், மழைக்காலத்தில் உள்ளே வியர்க்கும். உங்கள் கையில் ஒன்று கிடைத்தால் அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒருமுறை சுற்றக் கொடுங்கள். நன்றி, வணக்கம்.