காதுக்குப் பின்னாடியும் ஒரு தடவை பாருங்க

வணக்கம்ங்க. இன்னிக்கு குழந்தைங்களுக்கு செவிப்பறைக்குப் பின்னாடி சீழ் கோர்த்துக்கறதைப் பத்திப் பேசறேன்.

செவிப்பறை ஜவ்வு செவந்திருக்குன்னா உடனே இன்ஃபெக்ஷன்னு முடிவு பண்ணக்கூடாது. காய்ச்சல்லயும் செவக்கும், வீறிட்டு அழுதாலே செவக்கும். ஓட்டோஸ்கோப்ல (காதுக்குள்ள பாக்கற லைட் வெச்ச கருவி) பாக்கறப்போ ஜவ்வு வெளிப்பக்கமா உப்பியிருக்கா, அதான் முக்கியம். குறும்பி மறைச்சா, அதை எடுத்துட்டுத்தான் பாக்கணும்.

பென்சிலின் அலர்ஜி இல்லைன்னா முதல் மருந்து அமாக்ஸிசிலின்ங்கற ஆன்டிபயாட்டிக். ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 80லேர்ந்து 90 மில்லிகிராம், அதை ரெண்டு வேளையா பிரிச்சு. 10 கிலோ குழந்தைன்னா வேளைக்கு 400லேர்ந்து 450. ரெண்டு வயசுக்குக் கீழன்னா 10 நாள். கடைசி 30 நாளுக்குள்ள இதே மருந்து குடிச்சிருந்தா, இல்ல கண்ணுலயும் பீளை தள்ளுதுன்னா, டாக்டர் அமாக்ஸிசிலினோட கிளாவுலனேட்டும் சேர்ந்த மருந்தை எழுதுவாங்க.

இங்கதான் நிறைய பேர் தடுக்கி விழறாங்க: சிரப் ஒரே பேர்ல இருக்கும், 5 மில்லியில 125 மில்லிகிராம் ஒண்ணு, 250 மில்லிகிராம் ஒண்ணு. "போன தடவை குடுத்த அதே அளவு"ன்னு ஊத்தினா டோஸ் பாதியாயிடும், இல்ல ரெட்டிப்பாயிடும். லேபிளைப் படிங்க, சிரிஞ்சுல அளங்க. சமையலறை ஸ்பூன் வேண்டாமே.

திடீர்னு சீழ் வடிஞ்சு வலி நின்னுடுச்சா? ஜவ்வு கிழிஞ்சு அழுத்தம் குறைஞ்சிருக்கு, அவ்வளவுதான். மருந்தை நிறுத்தாதீங்க. எண்ணெய் கிண்ணெய் எதுவும் ஊத்தாதீங்க.

48லேர்ந்து 72 மணி நேரத்துல காய்ச்சலும் வலியும் குறையலைன்னா திரும்பக் காட்டணும். அப்புறம், தினமும் குழந்தைக்குப் பின்னாடி நின்னு ரெண்டு காதையும் ஒப்பிட்டுப் பாருங்க. ஒரு காது மட்டும் முன்னாடி தள்ளிக்கிட்டு நிக்குதா? காதுக்குப் பின்னாடி இருக்கிற மடிப்பு வீங்கி மறைஞ்சுபோச்சா? அங்க தொட்டா குழந்தை வலியில துடிக்குதா? சீழ் காதுக்குப் பின்னாடி எலும்புக்குள்ள போயிடுச்சுன்னு அர்த்தம், இதுக்குப் பேர்தான் மாஸ்டாய்டைட்டிஸ். ஆன்டிபயாட்டிக் குடிச்சிட்டிருக்கிற குழந்தைக்கு காய்ச்சல் லேசா இருக்கலாம், அதை நம்பி ஏமாறாதீங்க. அன்னிக்கே ஆஸ்பத்திரி. நரம்பு வழியா மருந்து ஏத்துவாங்க, தேவைப்பட்டா சிடி ஸ்கேன் எடுத்து, ஜவ்வுல கீறி சீழை வடிப்பாங்க. எலும்புக்குள்ள சீழ்க்கட்டி இருந்தா ஆபரேஷன்.

வாய் ஒரு பக்கம் கோணுது, கழுத்து விறைக்குது, விடாம வாந்தி, எழுப்பினா சரியா முழிக்கல, இதுல ஒண்ணு இருந்தாலும் நேரா எமர்ஜென்சிதான்.

எல்லாம் ஆறினப்புறமும் காதுக்குள்ள தண்ணி மாதிரி கொஞ்ச நாள் நிக்கும். அதுக்காக மறுபடி ஆன்டிபயாட்டிக் கேக்காதீங்க. மூணு மாசம் தாண்டியும் வத்தலைன்னா காது கேக்குற டெஸ்ட் எடுத்துடுங்க.