முதல்ல பென்சில் சீவணும்

நேயர்களுக்கு வணக்கமுங்க. இன்னைக்கு, வேலையைத் தள்ளிப்போடுற பழக்கத்தைப் பத்திப் பேசலாமுங்க.

கோயமுத்தூர் மாவட்டத்துல, தறி ஓடுற ஊரான சோமனூர்ப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில வாழ்க்கைத் திறன் பயிற்சி எடுக்கப் போயிருந்தேன். பதினொண்ணாவது படிக்கிற பொண்ணு ஒண்ணு, விலங்கியல் ரெக்கார்டு நோட்டுல பத்துப் படம் பாக்கி வெச்சிருந்துச்சு. "ஏங்கண்ணு வரையல?"னு கேட்டேன்.

"நோட்டைத் தொறந்தாவே வயித்தைக் கலக்குதுங்க மிஸ். இதயம் வரைஞ்சா கத்திரிக்காய் மாதிரி வருது. எல்லாரும் சிரிப்பாங்க."

காலையில தறிக்குடோனைக் கூட்டி, தார்க்குச்சியில நூல் சுத்திக் குடுத்துட்டு பஸ் புடிச்சு வர்ற பொண்ணுங்க அது. அதைப் போய் வீட்டுல சோம்பேறின்னு திட்டிட்டு இருந்தாங்க.

1984-லயே சாலமன், ராத்பிளம்னு ரெண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரிப் பசங்ககிட்டக் கேட்டுப் பார்த்தாங்க. தள்ளிப்போடுறதுக்கு முக்கியக் காரணமாத் தெரிஞ்சது ரெண்டு: தோத்துருவமோங்கிற பயம், அந்த வேலை மேலயே இருக்கிற வெறுப்பு. நோட்டை மூடி வெச்சா அந்த நிமிஷம் மனசு லேசாயிருது பாருங்க, அந்த சுகந்தான் மறுபடி மறுபடி மூட வைக்குது. திட்டுனா பயம் இன்னும் ஏறும். செல்போனைப் புடுங்கி வெச்சாலும், பயம் அங்கயேதான் இருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்ற பத்து வாழ்க்கைத் திறன்ல உணர்ச்சியைக் கையாளுறதும் ஒண்ணு, சிக்கலைத் தீர்க்கறதும் ஒண்ணு. நான் இந்த ரெண்டுலதான் அதிக நேரம் செலவழிக்கிறேன். "எனக்கு வயித்தைக் கலக்குது"ன்னு வாய்விட்டுச் சொல்றதே பாதி வேலைங்க. அப்புறம் அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டேன், "முதல் வேலை என்ன?"

"இதயம் வரையறதுங்க."

"அதுக்கு முன்னால?"

"வெளிக்கோடு."

"அதுக்கும் முன்னால?"

கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "பென்சில் சீவணுமுங்க." வகுப்பே சிரிச்சுது. நான் அதையே போர்டுல எழுதிப் போட்டேன்.

எப்போ, எங்கேன்னும் எழுதச் சொன்னேன். "நாளையிலிருந்து நல்லாப் படிப்பேன்"னு எழுதுனவங்களுக்கு நோட்டைத் திருப்பிக் குடுத்துட்டேன். இந்தப் பொண்ணு எழுதுனது இது: "சாயங்காலம் காப்பி டம்ளரைக் கழுவிக் கவுத்துனதும், திண்ணையில உக்காந்து பென்சில் சீவுவேன்." இன்னது நடந்ததும் இன்னது செய்வேன்னு முன்கூட்டி முடிச்சுப் போட்டு வெக்கிற இந்த முறையைப் பத்தி ஜெர்மன் உளவியலாளர் கோல்விட்சர் 1999-ல விரிவா எழுதியிருக்கார்.

பெத்தவங்க கூட்டத்துல அந்தப் பொண்ணோட அம்மா, "நாங்க என்னங்க பண்றது?"ன்னாங்க. "எப்ப முடிப்பே?"ன்னு கேக்காம, "எங்க கண்ணு உக்காரப் போறே?"ன்னு கேளுங்கன்னேன். தறிச் சத்தத்துக்கு நடுவுல உக்கார எடம் கெடைக்கறதே பெரும்பாடு.

ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி போனேன். ஆறு படம் முடிஞ்சிருந்துச்சு. இதயம் இன்னமும் கத்திரிக்காய்தான். கீழ டீச்சர் கையெழுத்துப் போட்டிருந்தாங்க.

வணக்கமுங்க.