குட்டி போடும் இலை

நேயர்களுக்கு வணக்கம். ரணகள்ளி இலையைப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்து, குட்டி போட்டதா என்று தினமும் திறந்து பார்த்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆனாலும் இலை விளிம்பின் பள்ளங்களில் மெல்லிய வேரும் கடுகளவு இலைகளும் எட்டிப் பார்க்கும்.

அந்தப் பள்ளங்களில், வளரும் திறனை இழக்காத சில செல்கள் உறங்கிக் கிடக்கின்றன. இலை செடியோடு இருக்கும்வரை பெரும்பாலும் அவை எழுவதில்லை. பிரிந்ததும் விழித்துக்கொள்ளும். தடித்த இலை சேர்த்து வைத்த நீரும் உணவும்தான் குட்டிக்குத் தாய்ப்பால்.

ஜெர்மானியக் கவிஞர் கத்தே இந்தச் செடியின்மேல் பெரும் பிரியம் வைத்து, நண்பர்களுக்கு இலைகளை அனுப்பிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த ஆசை நன்றாகவே புரிகிறது.

அப்புறம், இதன் உறவுக்காரச் செடி ஒன்று இருக்கிறது: கலஞ்சோ டைக்ரிமான்டியானா. ரணகள்ளியைப் போலவே மடகாஸ்கரில் தோன்றியது. இது இலை உதிரும்வரை காத்திருப்பதில்லை. நீண்ட இலையின் ஒவ்வொரு பல்லிடுக்கிலும் ஒரு குட்டி, சட்டையில் பொத்தான் தைத்தது போல வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒன்றைக் கிட்டப் பாருங்கள்: எதிரெதிராக இரண்டு குட்டி இலைகள், அடியில் நூல் போன்ற வேர்கள். கை பட்டாலே உதிரும். விழுந்த இடத்தில் ஊன்றிக்கொள்ளும். விதைக்குள் கரு உருவாகும்போது வேலை செய்கிற ஒரு மரபணு இந்த இலை விளிம்பிலும் வேலை செய்வதை 2007இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். விதையின் வேலையை இலையே கற்றுக்கொண்டுவிட்டது என்பதுதான் என்னை வியக்க வைக்கிறது.

ஆனால் இந்தக் குட்டிகள் எல்லாமே தாயின் அச்சு அசல் நகல்கள். தாயைத் தாக்கும் நோய் பிள்ளைகளையும் தாக்கும்.

வளர்ப்பவர்களுக்கு இரண்டு செய்திகள். இந்தச் செடிகளில் இதயத்தைப் பாதிக்கும் நச்சு உண்டு. ஆஸ்திரேலியாவில் மேய்ந்த மாடுகள் இறந்திருக்கின்றன. குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் வாயில் வைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். உதிர்ந்த குட்டிகளை வெளியில் கொட்டவும் வேண்டாம். பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். சுருங்கிக் கிடப்பது போலத் தெரிந்தாலும் ஒரு மழை போதும், வேர் விட்டுவிடும். நன்றி, வணக்கம்.