ஐந்து வருஷப் பதிவேடு, இருபது வருஷ நோய்

நேயர்களுக்கு வணக்கம். நான் மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் மோட்டார் கேஸ் நடத்துகிற வக்கீல். கிருமியுள்ள ரத்தம் ஏற்றியதால் நோய் வந்தவர்களுக்கு இழப்பீடு வேண்டும் என்று பேச ஒரு டாக்டரைக் கூப்பிடாமல் இவரை ஏன் கூப்பிட்டார்கள் என்று சிலர் நினைக்கலாம். சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் மேலூர்ப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தார். லாரி மோதி மருமகனுக்குக் கால் போன கேஸ். அது முடிந்து பணமும் வந்த பிறகு, ஒருநாள் தனியாக வந்து உட்கார்ந்தார்.

"சார், ரெண்டாவது பிரசவத்துல எனக்கு ரத்தம் ஏத்துனாங்க. இப்ப ஈரல்ல கிருமி இருக்குன்னு சொல்றாங்க. இதுக்கும் லாரி கேஸ் மாதிரி போட முடியுமா?"

ஹெபடைட்டிஸ் சி. பிரசவம் 1996-இல். ரத்தம் வழியாகத்தான் வந்தது என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஆனால் எழுதித் தரவில்லை.

நுகர்வோர் நீதிமன்றமா? அந்த அம்மா காசு கட்டவில்லை. யாரிடமும் கட்டணம் வாங்காத அரசு மருத்துவமனையின் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரி, பழைய பதிவேட்டைக் கேட்கலாமா? ரத்த வங்கி தன் பதிவேடுகளை ஐந்து வருஷம் வைத்திருந்தால் போதும் என்பது விதி. இந்த நோயோ இருபது வருஷம்கூட மூச்சுக் காட்டாமல் உடம்புக்குள் இருக்கும். அப்புறம், தானமாக வரும் ரத்தத்தை ஹெபடைட்டிஸ் சி-க்குச் சோதித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நம் நாட்டில் வந்தது 2001-இல்தான். "அன்றைக்கு அப்படி ஒரு விதியே இல்லையே" என்பார்கள். அது உண்மையும்கூட. எல்லோர் பக்கமும் விதி இருக்கிறது, அந்த அம்மா பக்கம் நோய் மட்டும் இருக்கிறது.

ரோட்டு விபத்துக்கு ஒரு டீக்கடைக்காரர் சாட்சி சொல்வார், எஃப்.ஐ.ஆர். இருக்கும், லாரியின் முன்பக்கம் நசுங்கியிருக்கும். நரம்புக்குள் நடந்த விபத்துக்கு யார் சாட்சி? கஷ்டம்மா என்றுதான் சொல்லி அனுப்பினேன்.

எங்கள் மோட்டார் சட்டத்தில் 164-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. வண்டி மோதி ஆள் இறந்தால் 5 லட்சம், பலத்த காயம் என்றால் இரண்டரை லட்சம். டிரைவர் மேல் தப்பா இல்லையா என்று நிரூபிக்கவே வேண்டாம். ரோட்டில் அடிபட்டவருக்கு இது இருக்கும்போது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அடிபட்டவருக்கு ஏன் இல்லை?

கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். 2018-இல் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கிருமி உள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய், 450 சதுர அடியில் வீடு, அரசு வேலை எல்லாம் தரச் சொல்லித் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்த வழக்கு எப்படி நின்றது? ரத்தம் கொடுத்த இளைஞர் வெளிநாட்டு வேலைக்காகச் சோதித்துக்கொண்டபோது விஷயம் தெரிந்து, தானே போய்ச் சொன்னார். ஒளித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் இன்று உயிரோடு இல்லை. 2023-இல் உச்ச நீதிமன்றம் ஒரு முன்னாள் விமானப் படை வீரருக்கு ஒன்றரைக் கோடிக்கு மேல் கொடுக்கச் சொன்னது. அவருக்கு ரத்தம் ஏற்றியது 2002-இல். ரத்தம் ஏற்றியதிலிருந்து தீர்ப்பு வரை இருபத்தோரு வருஷம். மேலூர் அம்மாவால் வருஷக்கணக்கில் வாய்தாவுக்கு அலைய முடியுமா?

அதனால்தான் தனித்தனி வழக்காக இல்லாமல், அரசே ஒரு திட்டமாகப் போட வேண்டும் என்கிறேன். பிரிட்டனில் 1970-களிலிருந்து 1991 வரை ரத்தத்தாலும், ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா நோயாளிகளுக்குக் கொடுத்த, ரத்தத்தை உறைய வைக்கும் ஃபேக்டர் எட்டு போன்ற மருந்துகளாலும் 30,000 பேருக்கு மேல் எச்.ஐ.வி.யோ கல்லீரல் கிருமியோ தொற்றியது. சுமார் 3,000 பேர் இறந்துபோனார்கள். ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் நீர்ப் பகுதியை, ஒன்றாகக் கலந்து செய்த மருந்து அது. ஒரு குடம் பாலில் ஒரு துளி விஷம் என்போமே, அதேதான். முன்னாள் நீதிபதி பிரையன் லாங்ஸ்டாஃப் விசாரித்து 2024 மே மாதம் இறுதி அறிக்கை கொடுத்தார். பிரதமர் மன்னிப்புக் கேட்டார். இழப்பீட்டுக்கென்றே தனி ஆணையம் வந்தது, 1,180 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது பணம் இல்லை, அதை எதற்கெதற்குக் கொடுக்கிறார்கள் என்பது. உடம்பு கெட்டதற்கு ஒன்று, சம்பாத்தியம் போனதற்கு ஒன்று, பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டதற்கு ஒன்று. ஊர் ஒதுக்கி வைத்ததற்கும் தனியாக ஒன்று! தட்டைத் தனியாக வை, பிள்ளையைத் தூக்காதே என்ற பேச்சுக்கெல்லாம் நம் கோர்ட்டில் எந்தக் கலத்தில் தொகை எழுதுவது? நோயாளி மட்டுமில்லை, கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், கூடப் பிறந்தவர்கள் தங்கள் பெயரிலேயே கேட்கலாம்.

கனடா செய்த தப்பையும் சொல்ல வேண்டும். 1998-இல் அங்கே ஹெபடைட்டிஸ் சி-க்கு இழப்பீடு அறிவித்தபோது, 1986 முதல் 1990 வரை ரத்தம் ஏற்றியவர்களுக்கு மட்டும் என்று கோடு போட்டார்கள். 1985 டிசம்பரில் ஏற்றியவர் வெளியே. ஒரே நோய், ஒரே வலி! விடுபட்டவர்களுக்கு 2006-இல்தான் வழி பிறந்தது. இங்கேயும் யாராவது 2001-ஐக் கோடாகப் போட்டு, அதற்கு முன்னால் யார் மேலும் தப்பில்லை என்று ஃபைலை மூடிவிடுவார்களோ என்பதுதான் என் பயம். தப்பைத் தேடுகிற திட்டம் வேண்டாம். ரத்தம் ஏற்றியதற்கு நம்பும்படி ஏதாவது ஒன்று போதும். ஆபரேஷன் தழும்பு, பிரசவம் நடந்த தேதி, கூட இருந்த நாத்தனாரின் வாக்குமூலம்கூட. பதிவேட்டைத் தொலைத்தது அவர்கள் இல்லையே.

அந்த அம்மாவுக்கு அரசு ஆஸ்பத்திரியிலேயே மாத்திரை இலவசமாகக் கிடைத்தது. பன்னிரண்டு வாரம் சாப்பிட்டார், கிருமி போய்விட்டது. ஈரலில் விழுந்த தழும்பு போகவில்லை. போன தடவை வந்தபோது மஞ்சள் பை நிறைய சீட்டுகள். மகளுக்குச் சமீபத்தில் ரத்தம் ஏற்றியபோது, பையில் ஒட்டியிருந்த நம்பர் வரை நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். "இதையாவது பத்திரமா வச்சுக்கணும்ல சார்?" என்றார். பீரோவில் நகைச் சீட்டோடு வையுங்கம்மா என்றேன். கேட்டுக்கொண்டிருக்கிற நீங்களும் அப்படியே வையுங்கள். 2001-க்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் ஹெபடைட்டிஸ் சி இருக்கிறதா என்று ஒரு தடவை சோதித்தும் பார்த்துவிடுங்கள்.

வணக்கம்.