உரச்சாக்கு போர்த்திய மோட்டார்

வணக்கம் நேயர்களே. என்னைப் பேச அழைத்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி.

நான் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பெஸ்தாரி ஜெயாவில் மோட்டார் கடை, அதாவது மோட்டார் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். 2007இல் பெயர் மாறிய ஊர்; பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். சுற்றிலும் பாமாயில் தரும் செம்பனைத் தோட்டம். பிள்ளையைப் பள்ளியில் விடுவது, காட்டு வேலைக்குப் போவது, அம்மாவைக் கிளினிக்குக்கு ஏற்றிப் போவது எல்லாம் மோட்டாரில்தான். அது துருப்பிடித்துச் சாவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

கடைக்கு வரும் வண்டிகள் பலவற்றில் எஞ்சின் நன்றாக ஓடும், உடம்புதான் போயிருக்கும். "வயசாகிப் போச்சு அண்ணே" என்பார்கள். ஆனால் அதே வயதுள்ள வண்டி ஒன்று பக்கத்து மளிகைக் கடைக்காரரிடம் பளபளவென்று நிற்கும். அவர் தோட்டத்துக்குள் போவதில்லை, அவ்வளவுதான். தோட்டத்து மோட்டாரைத் தின்பது உரம். மழை அதற்குத் துணை.

இதை நான் என் அப்பாவின் மோட்டாரில் கற்றேன். அப்பா உரம் போடும் கும்பலுக்கு மண்டோர், அதாவது மேற்பார்வையாளர். அவரிடம் ஹோண்டா சி70 ஒன்று இருந்தது. தகட்டை அழுத்தி வளைத்து ஒட்டிய உடம்பு, உள்ளே வெற்றிடம். லயத்து வீட்டு வாசலில் நிறுத்துவார். பனி படக்கூடாது, மழை படக்கூடாது என்று காலியான உரச்சாக்குகளைப் பிரித்து, கோணி ஊசியால் ஒன்றாகத் தைத்து, ராத்திரி தவறாமல் போர்த்திவிடுவார். பிள்ளைக்குப் போர்வை போர்த்துவது போலத்தான் செய்வார். காலையில் அந்தச் சாக்கை எடுத்தால் உள்பக்கம் நசநசவென்று ஈரமாக இருக்கும். கைப்பிடிக் குழாயில் முதலில் மிளகு தூவியது போல் புள்ளிகள் வந்தன. அப்புறம் குரோம் பூச்சு செதிலாக உரிந்தது. ஒரு நாள் காலை அப்பா நடு ஸ்டாண்டைக் காலால் தள்ளினார். ஸ்டாண்டைத் தாங்கிய தகடே பிய்ந்து, வண்டி அவர் பாதத்தின் மேல் சாய்ந்தது. இரண்டு வாரம் வேலைக்குப் போக முடியவில்லை. நாள் கூலிக் குடும்பத்தில் இரண்டு வாரம் என்றால் என்னவென்று உங்களில் பலருக்குத் தெரியும்.

சாக்கில் என்ன இருந்தது? பொட்டாஷ் உரம். செம்பனைக்கு அதிகம் போடுவது அதுதான். பொட்டாசியம் குளோரைடு என்பது அதன் வேதிப் பெயர். எடையில் ஏறக்குறைய 47 விழுக்காடு குளோரைடு. கடல் உப்பு இரும்பை அரிப்பதும் இதே குளோரைடால்தான். ஆக, கடற்கரையே பார்க்காத மோட்டார் கூட நம் தோட்டத்தில் கடலோரத்து மோட்டார் மாதிரி அரிக்கப்படுகிறது. இன்னொன்று, காற்றின் ஈரப்பதம் 84 விழுக்காட்டைத் தாண்டினால் இந்த உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துத் தானாகக் கரையும். நம் ஊரில் இரவில் 90ஐத் தாண்டுவது சாதாரணம். அப்பாவின் சாக்கு மழை இல்லாத இரவிலும் நனைந்தது இதனால்தான். தன் வண்டியை ஒவ்வொரு இரவும் உப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் சுற்றி வைத்திருக்கிறார், பாவம், தெரியாமல்.

அதனால் உரம் போடும் நாட்களில் தோட்டத்துக்குள் போய் வந்தவர்கள் அன்று மாலையே வண்டியைக் கழுவிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். எஞ்சின் ஆறட்டும், அரை மணி நேரம் போதும். முதலில் சோப்பு வேண்டாம், துணியும் வேண்டாம். வெறும் தண்ணீரை மெதுவாக விட்டு மண்ணை ஊற வையுங்கள். காய்ந்த மண்ணைத் துணியால் தேய்த்தால் அந்த மணலே பெயிண்டைக் கீறும். கீறலில்தான் துரு குடியேறும். மேலே பளிச்சென்று கழுவி என்ன பயன்? குனிந்து பாருங்கள். பின் மட்கார்டின் உள்பக்கம், ஸ்டாண்ட் மாட்டும் இடம், செயின் மூடிக்குள், பின் சக்கரத்தைப் பிடிக்கும் கைகளின் மூலை, இங்கெல்லாம் மண் அப்பிக்கொண்டு ஈரத்தை நாள் கணக்கில் வைத்திருக்கும். பழைய பல்துலக்கி ஒன்று இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சோப்புக்கு கார் ஷாம்பு வாங்குங்கள். துணி துவைக்கும் பவுடர் காரம் மிகுந்தது, அலுமினியத்தை மங்கவைக்கும். பாத்திரம் கழுவும் திரவம் பலவற்றில் கெட்டியாக வருவதற்காக உப்பே சேர்க்கிறார்கள். உப்பைக் கழுவ உப்பா?

கார் கழுவும் கடையில் வேகமாகப் பீய்ச்சும் தண்ணீர்த் துப்பாக்கியை நேராகச் சக்கரத்தின் நடுவிலும், கைப்பிடித் தண்டின் கழுத்திலும், செயினிலும் காட்டுவார்கள். தடுத்து நிறுத்துங்கள். பேரிங்கின் உள்ளே தண்ணீர் புகுந்து கிரீஸை வெளியே தள்ளிவிடும். பேரிங் கரகரவென்று சத்தம் போடும்போது மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

கழுவி முடித்ததும் ஈரத்தோடு உறை போட்டு மூடாதீர்கள். உலர்ந்த துணியால் துடைத்து, ஐந்து பத்து நிமிடம் ஒரு சுற்று ஓட்டி வாருங்கள். எஞ்சின் சூட்டில் சந்துகளில் நிற்கும் தண்ணீர் போகும். புறப்பட்டதும் மெதுவாகச் சில முறை பிரேக் பிடித்துக் காய வையுங்கள். அப்புறம் செயினுக்கு எண்ணெய். இங்கே ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். டபிள்யூ.டி-40 டப்பாவைச் செயின் எண்ணெயாக நினைத்து அடிக்கிறார்கள். அது 1953இல் அமெரிக்காவில் ராக்கெட் ஏவுகணையின் உலோகத் தோல் துருப்பிடிக்காமல் இருக்கத் தண்ணீரை விலக்குவதற்காகச் செய்த மருந்து. ஈரம் போக்க, இறுகிய நட்டைக் கழற்ற அருமையானது. செயினில் அது நிற்காது. அதற்குச் செயின் எண்ணெயே வேண்டும். பிரேக் தட்டில் மட்டும் ஒரு துளிகூடப் படக்கூடாது.

தோட்டங்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு: மாற்றிய கறுப்பு எஞ்சின் எண்ணெயை அடிப்பாகத்தில் பூசுவது. துருப்பிடிக்காது என்பார்கள். அதில் அமிலம் சேர்ந்திருக்கும், தூசியையும் இழுத்து வைக்கும். சொட்டுவது கால்வாயில் போகும், கால்வாய் சிலாங்கூர் ஆற்றில் சேரும். ஆற்றின் கீழ்ப்பக்கம் கம்போங் குவாந்தானில்தான் நம் மின்மினிகள் பெரெம்பாங் மரங்களில் மினுக்குகின்றன. கறுப்பு எண்ணெயைக் கடையில் கொடுத்துவிடுங்கள், தகுந்த இடத்துக்கு நாங்கள் அனுப்புகிறோம். அடிப்பாகத்துக்குக் கொஞ்சம் கிரீஸ் போதும், பெயிண்டுக்கு மெழுகு.

புகைக்குழாய் உள்ளிருந்தே துருப்பிடிக்கும், இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. முனையில் இருக்கும் கடைக்கு இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்தினால் குழாய் சூடாவதில்லை, ஆவி உள்ளேயே தண்ணீராகித் தங்கும். வாரத்தில் ஒரு நாளாவது குவாலா சிலாங்கூர் வரை ஓட்டுங்கள். குழாயின் அடியில் சிறு துளை இருந்தால் அது மண்ணால் அடைபட்டிருக்கிறதா பாருங்கள்.

குரோமில் லேசான துருப் புள்ளி என்றால் சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, மெல்லத் தேயுங்கள், போய்விடும். பெயிண்ட் உப்பியிருந்தால் அந்த இடத்தை மணல் காகிதத்தால் இரும்பு தெரியும்வரை தேய்த்து, பிரைமர் அடித்து, பிறகு பெயிண்ட். துருவின் மேலேயே பெயிண்ட் அடித்தால் உள்ளே தொடர்ந்து தின்னும்.

அப்பாவின் சி70 போன்ற பழைய கப் வண்டி, தகட்டு உடம்பு வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேலை. இன்று மாலை வண்டியைச் சுவரோரம் சாய்த்து, ஸ்டாண்ட் மாட்டிய இடத்தைச் சுற்றி ஒரு சிறிய ஸ்பேனரால் மெல்லத் தட்டுங்கள். நல்ல தகடு டிங் டிங்கென்று ஒலிக்கும். அரித்த இடம் தொப்பென்று மந்தமாகக் கேட்கும், விரலால் அழுத்தினால் செதில் உதிரும். அப்படிக் கேட்டால் அதில் யாரையும் ஏற்றாமல், வெல்டிங் கடைக்கு நேராகக் கொண்டுபோங்கள். என் அப்பாவின் வண்டியில் அந்த மந்தச் சத்தம் நிச்சயம் இருந்திருக்கும். நாங்கள் யாரும் தட்டிப் பார்க்கவில்லை.

நன்றி, வணக்கம்.