கடையின் கணக்கை கிளவுடுக்கு மாற்றுவது: எது முதலில், எது கடைசியில்?

[திரையில்: டர்பன், தென்னாப்பிரிக்கா. மசாலா மொத்தக் கடையின் பின்னறை. மேசைக்கு அடியில் ஒரு சர்வர்.]

வணக்கம். பில், சரக்கு இருப்பு, சம்பளம், யார் எவ்வளவு பாக்கி என்பது வரை இந்தக் கடையின் எல்லாக் கணக்கும் அந்த ஒரு பெட்டிக்குள்தான் இருக்கிறது. 2022 ஏப்ரலில் இங்கே வந்த வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். அப்படித் தண்ணீர் உள்ளே வந்தால், கணக்கு மொத்தமும் போச்சு. கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியே வேறொரு நிறுவனத்தின் கணினிகளுக்கு, மாற இந்த ஒரு காரணம் போதும். ஆனால் தயவுசெய்து எல்லாவற்றையும் ஒரே வார இறுதியில் மாற்றிவிடாதீர்கள்.

முதலில் ஒரு தாளில், எந்த மென்பொருள் எதை நம்பி ஓடுகிறது என்று எழுதுங்கள்.

[திரையில்: மஞ்சள் தூள் பொட்டலம் தராசில், பக்கத்தில் லேபிள் அச்சாகிறது.]

இந்தத் தராசைப் பாருங்கள். எடை போட்டதும், ஒரு கிலோ என்ன விலை என்று சர்வரைக் கேட்டு லேபிள் அடிக்கிறது. சர்வர் போன பிறகு அது யாரைக் கேட்கும்? பில் மென்பொருள் விற்பவரிடம் இதை முன்பே கேட்டுவிடுங்கள். இப்படி யாரும் கவனிக்காத ஒரு கேபிளில்தான் பெரும்பாலும் வேலை நின்றுபோகும்.

அடுத்தது வரிசை. பேக்கப்பை, அதாவது கணக்கின் காப்பு நகலை, முதலில் அனுப்புங்கள். அனுப்பினால் மட்டும் போதாது. போன வருடத்து இன்வாய்ஸ் ஒன்றைத் திரும்ப இறக்கித் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் உங்களிடம் பேக்கப் இல்லை என்றே அர்த்தம். அப்புறம் மின்னஞ்சல், கோப்புகள், சம்பளக் கணக்கு. பில் போடுவது கடைசியில், அதுவும் தீபாவளி வியாபாரம் முடிந்த பிறகு. ஒரு மாதம் பழையதையும் புதியதையும் சேர்த்தே ஓட்டி, தினமும் கடை மூடும்போது இரண்டின் மொத்தத்தையும் ஒப்பிடுங்கள்.

தரவு எங்கே இருக்கும்? மைக்ரோசாஃப்டுக்கு 2019 முதலும், அமேசானுக்கு 2020 முதலும், கூகுளுக்கு 2024 முதலும் இந்த நாட்டிலேயே தரவு மையங்கள் உண்டு. கணினிகளை இணையம் வழியே வாடகைக்குத் தரும் அமேசானின் ஈசி2 சேவையே கேப்டவுனில் ஒரு குழு உருவாக்கியதுதான், பெருமையாகச் சொல்லலாம். உள்நாட்டு மையத்தையே கேட்டு வாங்குங்கள். 2024 மார்ச்சில் மேற்கு ஆப்பிரிக்காவை ஒட்டிக் கடலடி கேபிள்கள் அறுந்தபோது, வெளிநாட்டு சர்வரை நம்பியிருந்தவர்கள்தான் அதிகம் தவித்தார்கள். வாடிக்கையாளரின் சொந்த விவரங்களை நாட்டுக்கு வெளியே அனுப்ப போப்பியா என்னும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிபந்தனைகளும் வைத்திருக்கிறது.

சரி, லோட் ஷெடிங், அதாவது முறைவைத்து மின்வெட்டு, வந்தால்? தரவு மையத்தில் ஜெனரேட்டர் இருக்கும், உங்கள் ரவுட்டருக்கு? ரவுட்டருக்கும் கல்லாக் கணினிக்கும் இன்வெர்ட்டர் போடுங்கள். ஃபைபர் போனால் கைகொடுக்க ஒரு மொபைல் சிம் வேண்டும். இணையம் இல்லாதபோதும் பில் போட்டு, வந்ததும் தானே சேர்த்துக்கொள்ளும் மென்பொருளாகத் தேர்ந்தெடுங்கள்.

செலவில் இரண்டு விஷயம். பல சேவைகளின் விலை டாலரில்; ரேண்ட் இறங்கினால் மாதக் கட்டணம் ஏறும். தரவை உள்ளே ஏற்றுவது பெரும்பாலும் இலவசம், வெளியே எடுக்கத்தான் காசு. நாளை விலக நினைத்தால் கணக்கை எந்த வடிவத்தில் தருவார்கள், எவ்வளவு ஆகும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

பழைய சர்வரை உடனே விற்க வேண்டாம். வரித்துறைக்காக ஐந்து வருடக் கணக்கு வைத்திருக்க வேண்டும். அது முழுவதும் புதிய இடத்தில் திறக்கிறதா என்று பார்த்து, பழைய சர்வரின் ஹார்ட் டிஸ்க்கை முற்றிலும் அழித்த பிறகு கொடுங்கள்.