இல்லையா, பாக்கலையா?

வணக்கம் நேயர்களே. புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பக்கம் கேட்டுட்டிருக்க எல்லாருக்கும், முக்கியமா எம்பிபிஎஸ் படிக்கிற பிள்ளைங்களுக்கும் அவங்க அப்பா அம்மாவுக்கும்.

படிக்கும்போதே ஆராய்ச்சி எதுக்குன்னு வீட்ல கேப்பாங்க. நியாயந்தான், பரீட்சையே தலைக்கு மேல நிக்குது. ஆனா நாளைக்கு எம்டி, எம்எஸ்னு போனா தீசிஸ், அதாவது ஆய்வுக் கட்டுரை, கட்டாயம், அங்க போய்த்தான் பல பேர் முதல் தடவையா திருதிருன்னு முழிக்கிறாங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அதான் ஐசிஎம்ஆர், 1979லேருந்தே எஸ்டிஎஸ்னு மாணவர்களுக்கான குறுகிய கால ஆராய்ச்சித் திட்டம் ஒண்ணு நடத்துது, எம்பிபிஎஸ், பிடிஎஸ் பிள்ளைங்க ஒரு கைடு கீழ ரெண்டு மாசம் சின்னதா ஒரு ஆய்வு பண்ணி ரிப்போர்ட் குடுக்கணும். ரிப்போர்ட்ட ஏத்துக்கிட்டாத்தான் சர்டிஃபிகேட்டும் உதவித்தொகையும்.

இதுல பசங்க மொதல்ல தடுக்கி விழுறது தலைப்புல. ஜீனு, கேன்சர், ஏஐன்னு பெருசா எழுதிட்டு வருவாங்க, ரெண்டு மாசத்துல எப்படிப்பா முடியும்? நம்ம ஊர் ஓபிலயே கேள்வி கொட்டிக் கெடக்கு. ஸ்க்ரப் டைஃபஸ்ங்கற காய்ச்சல எடுத்துக்கங்க, மழை முடிஞ்சு குளிர் வர்ற மாசங்கள்ல இங்க காய்ச்சல்னு வர்றவங்கள்ல சில பேருக்கு அது இருக்கும். புதர், புல்லுல இருக்கற கண்ணுக்கே தெரியாத பூச்சிக்குஞ்சு கடிச்சு வர்றது. கடிச்ச எடத்துல சிகரெட்டால சுட்ட மாதிரி கருப்பா ஒரு பொருக்கு, எஸ்கார்னு சொல்லுவோம், வலிக்காது, அக்குள்ல, இடுப்புல, தொடை இடுக்குல ஒளிஞ்சிருக்கும். கண்டுபிடிச்சுட்டா டாக்ஸிசைக்ளின்னு கொறஞ்ச வெல மாத்திரைல சரியாயிடும், விட்டுட்டா நுரையீரல், கிட்னின்னு போயிடும்.

சரி, இதுல மாணவனுக்கு என்ன வேலை? பழைய காய்ச்சல் கேஸ் ஷீட்ட, அதான் நோயாளியப் பத்தி டாக்டர் எழுதி வெக்கிற குறிப்ப, எடுத்து, எஸ்கார் இருக்கா இல்லையான்னு எத்தனை பேருக்கு எழுதியிருக்குன்னு மட்டும் எண்ணட்டும். அவ்ளோதான் கேள்வி. எண்ண ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே ஒரு சிக்கல் வரும் பாருங்க, சில ஷீட்ல ஒண்ணுமே எழுதியிருக்காது, அப்ப அத "இல்லை"ன்னு போடறதா? போடக்கூடாது, தேடிப் பாத்து இல்லங்கறது வேற, தேடவே இல்லங்கறது வேற. இந்த ரெண்டையும் தனித்தனி கட்டத்துல போடக் கத்துக்கிட்ட பையன் பாதி ஆராய்ச்சி கத்துக்கிட்டான்னு நான் சொல்லுவேன். பி வேல்யூ மாதிரி புள்ளிவிவரக் கணக்கெல்லாம் கம்ப்யூட்டர் போட்டுக் குடுத்துடும், இத அது சொல்லித் தராது.

பாத்தத பாத்தபடி எழுதறதுன்னா சாதாரணம் இல்ல. அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல ஜே மெக்லீன்னு ரெண்டாம் வருஷ மாணவர், ரத்தத்த உறைய வைக்கிற பொருளத் தேடுன்னு புரொபசர் ஹவெல் வேலை குடுத்தாரு. பையனுக்குக் கெடச்சதோ உறைய விடாத பொருள், நாய் ஈரல்லேருந்து. புரொபசர் மொதல்ல நம்பல. தப்பா வந்துருச்சுன்னு கொட்டிட்டுப் போயிருக்கலாம், போகல, 1916ல எழுதி வெளியிட்டாரு. இன்னைக்கு டயாலிசிஸ்ல ரத்தம் உறையாம இருக்கப் போடற ஹெப்பாரின் மருந்து அந்த வழியில வந்ததுதான்.

ஆய்வு நோயாளிக்கு நியாயமா நடக்குதான்னு பாக்கற எத்திக்ஸ் கமிட்டி கையெழுத்து இல்லாம ஒரு கேஸ் ஷீட்டக்கூடத் தொடக்கூடாது, இத பசங்க ஏதோ ஃபார்மாலிட்டின்னு நெனைக்கிறாங்க. பேஷன்ட்டையே நேர்ல கேக்கற ஆய்வுன்னா ஒப்புதல் படிவம் வேற வேணும். அதோட தமிழப் பாத்தா எனக்கே பயமா இருக்கும், "பங்கேற்பாளராகிய தாங்கள்"னு ஆரம்பிக்கும். பண்ருட்டில முந்திரிக் கொட்டை உடைக்கிற அம்மாகிட்ட அத நீட்டினா என்ன பண்ணுவாங்க, கைநாட்டு வெச்சுட்டுப் போயிடுவாங்க. "அம்மா, இதுல சேரலன்னாலும் உங்களுக்கு வைத்தியம் கொறையாது, நடுவுலயும் வேணாம்னு சொல்லலாம்", இத வாயால சொல்லிட்டு, என்ன புரிஞ்சுதுன்னு திருப்பிச் சொல்லச் சொல்லணும்.

பேப்பர் போட்டாத்தான் மதிப்புன்னு பணம் கட்டி எதையோ ஒரு ஜர்னல்ல, அதாவது ஆய்வுப் பத்திரிகைல, போடற பழக்கம் வேற வந்துருக்கு. அது வேணாம்ப்பா. அதுக்குப் பதிலா சென்னைல இருக்கற தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம், என்ஐஇ, நடத்தற ஹெல்த் ரிசர்ச் ஃபண்டமென்டல்ஸ் கோர்ஸ் என்பிடெல்ங்கற ஆன்லைன் பாடத் தளத்துல இருக்கு, ராத்திரி போன்லயே பாக்கலாம்.

நோயாளிங்களுக்கும் ஒரு வார்த்தை. காய்ச்சலோட ஒடம்புல எங்கயாவது கருப்பா பொருக்கு இருந்தா, வலிக்கலையேன்னு விட்றாதீங்க, கூச்சப்படாம டாக்டர்கிட்ட காட்டுங்க. பக்கத்துல நோட்டோட நிக்கிற பிள்ளை பாக்கலாமான்னு கேட்டா, இஷ்டம் இருந்தா காட்டுங்க, இல்லன்னா வேணாம்னு சொல்லிடுங்க. நன்றி, வணக்கம்.